ஒட்டுவதற்கு முன் ஈரம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது வேலூர்ப் பக்கம் குறைந்துவருகிறது. சுண்ணாம்பு வாளி இருந்த இடத்தில் இப்போது ஸ்டிக்கர் சுருளும், தரையில் ஒட்டும் மர நிற வினைல் பிளாங்க்கும் (மெல்லிய பிளாஸ்டிக் பலகை) இருக்கின்றன. தூசி இல்லை, நாற்றம் இல்லை, ஒரே நாளில் அறை மாறிவிடுகிறது. அதை ஒட்டித்தான் எங்கள் பிழைப்பும் நடக்கிறது என்பதால் பொருளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சித்திரையில் ஒட்டியது ஐப்பசி மழையில் உரிந்து தொங்கினால் "மட்டச் சரக்கு" என்று பெயர் விழுகிறது. பெரும்பாலும் சரக்கு சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு அது உட்கார்ந்த இடத்தில்.

பெட்டிக்குள் வரும் துண்டுச்சீட்டில் ஆங்கிலத்தில் ஒரே வரிதான் இருக்கும்: சுத்தமான, உலர்ந்த, சமமான பரப்பில் ஒட்டவும். இந்த மூன்று சொல்லுக்கும் காட்பாடி வாடகை வீட்டிலோ, கொசப்பேட்டைப் பழைய வீட்டிலோ என்ன பொருள் என்று கடைக்காரரும் சொல்வதில்லை, சீட்டும் சொல்வதில்லை. கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் சுவர். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பாகவோ வயதான டிஸ்டெம்பராகவோ இருக்கும். ஸ்டிக்கரின் பசை அந்த மாவைத்தான் பிடிக்குமே தவிர சுவரைப் பிடிக்காது. ஒட்டிய அன்று நன்றாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் மாவையும் சேர்த்துக்கொண்டு கழன்று வரும். இப்படிப்பட்ட சுவரைப் பட்டி பிளேடால் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு கோட் வால் பிரைமரும் அதன்மேல் எமல்ஷனும் அடிக்க வேண்டும். அடித்த மறுநாளே ஒட்டக் கூடாது. தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. மூன்று நான்கு வாரம் விடுங்கள். அதற்குள் ஒட்டினால் பெயிண்டுக்குள்ளிருந்து வரும் ஆவி ஸ்டிக்கருக்கு அடியில் சிக்கிக் கொப்புளம் கிளப்பும். பின்னால் உரிக்கும்போது பெயிண்டும் தோலாக வரும்.

எமல்ஷனிலும் ஒரு வகை வம்பு செய்யும். கறை படியாது, துடைத்தால் போய்விடும் என்று விற்கிற பெயிண்டுகள் அழுக்கை எப்படி ஒட்டவிடாதோ அப்படியே பசையையும் ஒட்டவிடாது. அதனால் முழு ஸ்டிக்கரையும் விரிப்பதற்கு முன் ஓரத்திலிருந்து நான்கு விரல் அகலத் துண்டு வெட்டி, கதவுக்குப் பின்னால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தானாக ஓரம் எழும்பினால் அந்தச் சுவருக்கு ஸ்டிக்கர் கிடையாது. மெதுவாக உரிக்கும்போது பெயிண்ட் கூட வந்தால் பெயிண்டுக்கும் சுவருக்கும் இடையில்தான் பிடிப்பு இல்லை. இரண்டும் நடக்காவிட்டால் தைரியமாக ஒட்டலாம். சொரசொரப்பான டெக்ஸ்ச்சர் சுவரில் இந்தச் சோதனைகூட வேண்டாம், நிற்காது.

உப்புப் பூத்த சுவர்தான் இங்கே பெரிய தொல்லை. நீரில்லா ஆறு என்று பாலாற்றைக் கிண்டல் செய்வோம். அந்த நீர் பாதிப் பேர் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறதோ என்று தோன்றும். கீழிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதை மறைக்கச் செங்கல் வடிவம் அச்சிட்ட நுரை ஷீட்டுகளை வாங்கி ஒட்டுகிறார்கள். ஏறத்தாழ 70 சென்டிமீட்டருக்கு 77 சென்டிமீட்டர் அளவில், முதுகில் பசையோடு வருகிறதே, அதுதான். பார்க்க அழகு. ஆனால் சுவரில் ஏறும் நீர் அறைப் பக்கமாக ஆவியாகித்தான் போக வேண்டும். வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, ஷீட் முடிகிற இடத்துக்கு மேல் புதிதாகப் பூக்கும். ஷீட்டுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அலமாரித் துணியில் வாடை வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: குளியலறைச் சுவரா, கசியும் குழாயா, மொட்டை மாடியா, அஸ்திவாரத்திலிருந்தா. ஈரம் தெரியும் இடத்துக்கு மேல் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்க்காப்புக் கலவையோடு மறுபூச்சுப் பூசிக் காயவிட்ட பிறகுதான் அலங்காரத்தைப் பற்றிப் பேச வேண்டும். மரச் சட்டத்தையும் பழைய கப்போர்டையும் ஸ்டிக்கரால் மூடுகிறவர்கள் அதற்கு முன் திருப்புளியால் தட்டிப் பார்க்கட்டும். உள்ளே கரையான் இருந்தால் ஸ்டிக்கர் அதற்குப் போர்வை.

அடுத்தது சூடு. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் கொதிக்கும். வினைல் சூட்டில் இளகி நீளும். நீண்ட நிலையில் ஒட்டினால் குளிரும்போது சுருங்கி, ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உள்வாங்கும். சூடான சுவரில் பசையும் தொட்டவுடன் கவ்விவிடும், கோணலை நேராக்க வழியிருக்காது. பரப்பு 20 முதல் 30 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வெப்பமானி வேண்டாம், சுவரில் கை வைத்தால் குளுமையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கோடையில் அது விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பின்தாள் உரித்த வினைல் காற்றில் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொண்டால் அந்தத் துண்டு முடிந்தது.

ஒட்டும் முறையில் எல்லோரும் செய்கிற தவறு, பின்தாளை முழுதாக உரிப்பது. ஸ்டிக்கரைச் சுவரில் வைத்து ரசமட்டம் பார்த்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்துங்கள். ஒரு பாதியை மடக்கி, அந்தப் பாதியின் பின்தாளை மட்டும் உரித்து வெட்டி எடுத்துவிட்டு, டேப்பிலிருந்து வெளிநோக்கித் தேய்த்துக்கொண்டே போங்கள். பிறகு டேப்பை எடுத்து மறுபாதி. தேய்க்கும் ஸ்குவீஜிக்குப் பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டால் கீறல் விழாது. ஸ்குவீஜி இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தால் காற்றை நாமே உள்ளே சிறை வைக்கிறோம். காற்றுக் கொப்புளம் நின்றுவிட்டால் பிளேடால் கீற வேண்டாம், கொப்புளத்தின் ஓரத்தில் குண்டூசியால் ஒரு குத்து, அந்தப் பக்கமாகத் தள்ளினால் போய்விடும். கூர் மூலைகளைக் கத்தரிக்கோலால் லேசாக உருட்டி வெட்டிவிடுங்கள். துடைக்கும் துணியும் குழந்தை விரலும் கூர் மூலையில்தான் முதலில் மாட்டும்.

எழுத்து, ஓம், பிறை, சிலுவை, பூங்கொத்து என்று வெட்டிய ஸ்டிக்கர்களில் மேலே ஒரு டிரான்ஸ்ஃபர் டேப் இருக்கும். சுவரில் தேய்த்த பிறகு அதை நேரே வெளியே இழுக்கக் கூடாது. சுவரை ஒட்டினாற்போல் மடக்கி, பின்னோக்கி மெதுவாக உரிக்க வேண்டும். எழுத்து கூட வந்தால் அந்த இடத்தை மறுபடி படியவைத்துத் தேய்த்துவிட்டு உரியுங்கள்.

கண்ணாடி, ஸ்டீல், ஃபிரிட்ஜ் கதவுக்குத் தண்ணீர் முறை நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு கலந்து, கண்ணாடியிலும் பசைப் பக்கத்திலும் தெளித்தால் ஸ்டிக்கர் வழுக்கும், நகர்த்தி நேராக்கலாம். பிறகு தண்ணீரைத் தேய்த்து வெளியேற்ற வேண்டும். இதற்குப் போர்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, படலத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து நிரந்தரமாக நிற்கும். கேன் தண்ணீர் ஒரு லிட்டர் செலவானால் ஆகட்டும். ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் கழுவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சானிட்டைசர் அந்த வேலைக்கு ஆகாது. கைக்கு மிருதுவாக இருக்கக் கிளிசரின் கலந்திருப்பார்கள், அது பசைக்கும் பரப்புக்கும் இடையில் படலமாக நிற்கும். சுவருக்குத் தண்ணீர் முறை கூடவே கூடாது.

சமையலறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அடுப்புக்குப் பின்னால் வினைல் ஒட்டாதீர்கள். சூட்டில் இளகிச் சுருங்கும், தீ பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும். அந்த இடத்துக்கு டைல்தான், இல்லாவிட்டால் ஸ்டீல் தகடு. கடப்பா கல் மேடைக்கு மார்பிள் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வீண்செலவு: குக்கரை இறக்கிவைத்த இடத்தில் வட்டமாகச் சுருங்கும், சிங்க் ஓரத்தில் தண்ணீர் நுழையும். சுவிட்ச் போர்டின் மேலும் வேண்டாம்.

தரையில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது சுருளாக வரும் பிவிசி (வினைல்) ஷீட், ஊரில் கார்பெட் என்று சொல்வது. பெரும்பாலும் ஆறரை அடி அகலம், விரித்துப் போட்டால் போதும். இரண்டாவது பின்தாள் உரித்து ஒட்டும் பிளாங்க். மூன்றாவது ஒன்றுக்குள் ஒன்று கோத்து மாட்டும் கெட்டிப் பலகை, எஸ்பிசி என்பார்கள். ஒட்டவே வேண்டாம், மிதந்துகொண்டிருக்கும், சுவரோரம் இரண்டு மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி மட்டும் கேட்கும். மருத்துவமனைக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் தங்குகிறவர்களுக்கு விடும் தோட்டப்பாளையம், காந்தி ரோடு அறைகளுக்கும், மாணவர்களுக்கு விடும் காட்பாடி வீடுகளுக்கும் முதல் வகைதான் சரி. சுருட்டி எடுத்துவிடலாம், கீழே தரை சேதமாகாது. இரண்டாவது வகைதான் எல்லோரும் ஆசைப்படுவது, அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். மீதிக் கடிதம் பெரும்பாலும் அதைப் பற்றி.

ஒட்டும் பிளாங்க்குக்கு எதிரி ஈரம். மேலே கொட்டும் தண்ணீர் அல்ல, தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம். பழைய வீடுகளில் தரைக்குக் கீழே ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் சிமெண்ட் வழியாக ஆவியாக மேலே வந்து, யாருக்கும் தெரியாமல் அறைக்குள் கலந்துபோகும். வினைல் அந்த வாயை மூடிவிடுகிறது. ஈரம் சிமெண்டின் காரத்தையும் உப்பையும் சேர்த்துக்கொண்டு பசையில் தேங்கும், பசை கூழாகும். பிளாங்க்குகளின் இணைப்பில் கறுப்பாகப் பிசுபிசுவென்று கசிந்து, காலில் ஒட்டும். பிறகு பிளாங்க் நகர ஆரம்பிக்கும், இடைவெளியில் வெள்ளை உப்பு பூக்கும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ அந்தத் தரையில் ஒட்டும் பிளாங்க் வேண்டாம். அறையின் நடுவில் மட்டும் போட்டுவிட்டுத் திருப்தியாகாதீர்கள். குளியலறைச் சுவரோரம் ஒன்று, வெளிச்சுவர் மூலையில் ஒன்று, தண்ணீர்க் குடம் வைக்கும் இடத்தில் ஒன்று என்று போடுங்கள். காலமும் முக்கியம். சித்திரையில் சோதித்தால் எந்தத் தரையும் காய்ந்த தரைதான். 2021 நவம்பரில் பாலாறு பொங்கி ஓடியபோது தரை வேர்த்த வீடுகள் அதற்கு முந்தைய மே மாதத்தில் எலும்பாய்க் காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சோதித்துவிட்டு, தை மாசியில் ஒட்டுவதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும் கணக்கு.

சிவப்பு ஆக்சைடு தரை உள்ள வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள். பல ஆண்டு தேங்காயெண்ணெய் போட்டு மெருகேற்றிய தரையில் பசை பிடிக்காது. பிடிக்க வைப்பதற்காகத் தேய்த்தால் அந்த மெருகு திரும்ப வராது. அப்படித் தரை போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்ட காலத்தில் இருக்கிற தரையையும் பிளாஸ்டிக்குக்குக் கீழே புதைப்பது எங்களுக்கே பொறுக்கவில்லை, எங்கள் வியாபாரம் போனாலும் சரி. அவசியமென்றால் கார்பெட்டை விரித்து, வாரம் ஒருமுறை தூக்கிக் காற்றாட விடுங்கள்.

ஈரம் இல்லையென்றால் மட்டம். ஆறடி மட்டப்பலகையைத் தரையில் எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்தால், அடியில் ஒரு நூலுக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பிளாங்க்கின் கனமே இரண்டு மில்லிதான். கீழே உள்ள ஒவ்வொரு குழியையும் திண்டையும் அது அப்படியே மேலே காட்டிக்கொடுக்கும். சாய்ங்கால வெயில் சன்னல் வழியாகப் படுக்கையாக விழும்போது பாருங்கள், ஒட்டாமல் விட்ட மணல் துகள்கூடத் தெரியும். டைல் தரையின் இணைப்புக் கோடுகளும் அப்படித்தான். இந்தக் குழியை நிரப்பச் சுவருக்குப் பூசும் பட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அது தரைக்கான பொருளே அல்ல. நடக்க நடக்கப் பொடியாகும், பிளாங்க் பொடியோடு கழன்று வரும். தரைக்கென்று உள்ள சிமெண்ட் பேட்சிங் கலவையையோ, ஊற்றினால் தானே மட்டமாகப் பரவும் செல்ஃப் லெவலிங் கலவையையோ வாங்குங்கள். செல்ஃப் லெவலிங் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லி கனத்துக்கு ஒன்றரை கிலோவிலிருந்து 1.7 கிலோ வரை பிடிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு ஒரு மில்லிக்கே 17 முதல் 19 கிலோ. விலை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

கலவை காய்ந்ததும் பெருக்கி, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து உலரவிட்டு, தூள் பறக்கும் சிமெண்ட் தரையானால் அக்ரிலிக் பிரைமர் ஒரு கை ஓட்ட வேண்டும். டைல் தரையானால் பிரைமரைவிட முக்கியம், முன்பு போட்ட வாசனைத் தரைத் திரவத்தின் படலத்தை வெந்நீரில் கழுவி எடுப்பது.

எத்தனை பிளாங்க்? பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 132. ஆறு அங்குல அகலம், மூன்றடி நீளமுள்ள பிளாங்க் ஒன்றரை சதுர அடி. ஆக 88 பிளாங்க். மூலைவிட்டமாகப் போடுவதானால் பதினைந்து சதவீதம் கூட்டுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டு பெட்டி அதிகம் வாங்கித் திருப்பிக் கொடுப்பது, இரண்டு குறைந்து மாறின நிறத்தில் வாங்குவதைவிட மேல். பெட்டிகளை ஒட்டப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கை வசமாக வைத்திருங்கள். லாரியிலும் கடை வாசல் வெயிலிலும் கிடந்த சரக்கு அறையின் சூட்டுக்கு வர அந்த நேரம் வேண்டும். நிறுத்தி வைத்தால் வளையும்.

சுவரைத் தொட்டுக்கொண்டு முதல் வரிசையைத் தொடங்குவது அடுத்த பெரிய தவறு. பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேராக இருக்காது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவைக் குறித்துச் சாயப்பொடி நூல் அடித்து, குறுக்கே இன்னொரு நூல் அடியுங்கள். இரண்டும் செங்கோணமா என்று பார்க்கக் கொத்தனார் முறைதான்: ஒரு கோட்டில் மூன்றடி, மற்றதில் நான்கடி குறித்தால், இரண்டு குறிக்கும் இடையில் சரியாக ஐந்தடி இருக்க வேண்டும். பின்தாளை உரிக்காமலே ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். சுவரோரம் ஒரு அங்குலக் கீற்று மிஞ்சினால் நூலைப் பாதிப் பிளாங்க் தள்ளி அடித்தால் இருபுறமும் சமமான அகலம் கிடைக்கும். கீற்றாக ஒட்டிய துண்டுதான் முதலில் எழும்பும்.

ஒட்டும்போது புதுப் பிளாங்க்கின் ஓரத்தைப் பக்கத்துப் பிளாங்க்கின் ஓரத்தோடு முட்டவைத்து, கதவு சாத்துவதுபோல் இறக்குங்கள். இறக்கிய பின் தள்ளி நகர்த்தினால் பசை சுருண்டு இணைப்பில் திண்டாக நிற்கும். கோணலாக விழுந்தால் உடனே தூக்குங்கள். நேரம் கடந்தால் தூக்க முடியாது. அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் குறைந்தது ஆறு அங்குலம் விலகியிருக்க வேண்டும். பிளாங்க்கின் முதுகில் அம்புக்குறி இருந்தால் எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்கட்டும். சுவரோரம் ஒரு நூலிலிருந்து இரண்டு நூல் விட்டு, ஸ்கர்டிங் பட்டையால் மூடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் விரிய அதற்கு இடம் வேண்டும். வெட்டுவதற்கு ரம்பம் தேவையில்லை: மேல்பக்கம் இரும்பு ஸ்கேல் வைத்துக் கத்தியால் ஒரு கீறல், வளைத்தால் உடையும். பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒருமுறை பிளேடு முனையை ஒடித்துப் புதிதாக்குங்கள். குழாயும் கதவு நிலையும் வரும் இடத்துக்குக் காகிதத்தில் அச்சு எடுத்து அதன்படி வெட்டலாம். கதவின் அடியில் இடம் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தரை இரண்டு மில்லி உயர்ந்த பிறகு கதவு தேய்த்துக்கொண்டு நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்து.

இந்தப் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும். வேலைத்தளங்களில் 45 கிலோ ரோலர் உருட்டுவார்கள். வீட்டில் கை ரோலர் வாங்கி, உடல் எடையைப் போட்டு இரண்டு திசையிலும் உருட்டுங்கள். சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றிச் செய்தாலும் வேலை நடக்கும். ஒரு நாள் கட்டில் பீரோவை ஏற்ற வேண்டாம், ஐந்து நாள் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டாம்.

எழும்பிய பிளாங்க்கைச் செருப்புக்கு ஒட்டும் எஸ்ஆர் என்ற ரப்பர் பசையால் ஒட்டுவது நம் வட்டாரத்துக்கென்றே உள்ள வைத்தியம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் அது எந்த வீட்டிலும் இருக்கும். கேட்டால் "தோலையே பிடிக்குது, இதைப் பிடிக்காதா" என்பார்கள். தோலைப் பிடிக்கும். ஆனால் அந்தப் பசையின் கரைப்பான், பிளாங்க்கில் ஏற்கெனவே உள்ள பசையைக் கரைத்து வினைலையும் ஊதிப்போகச் செய்யும், ஓரம் சுருளும். வினைலை மிருதுவாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் இறங்கி அந்த ரப்பர் பசையை இளக்கும். ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிவிசி அடிப்பாகத்துக்கு அவர்களே எஸ்ஆர் போடுவதில்லை, பியு (பாலியூரித்தேன்) பசைதான். மேலும், மூடிய அறையில் தரை முழுக்கப் பூசினால் அதன் ஆவி தலைசுற்ற வைக்கும், சாமி விளக்கோ பீடி நெருப்போ போதும் பற்றிக்கொள்ள. ஒரு பிளாங்க் எழும்பினால் தூக்கி, கீழே ஏன் என்று பாருங்கள். தூசியானால் துடைத்து, பிவிசி தரைக்கென்று விற்கும் பசையை மெல்லிய பல் கரணையால் பூசி ஒட்டலாம். ஈரமானால் எந்தப் பசையும் வேண்டாம்.

ஒட்டிய தரை கெடுவதற்கு இன்னும் சில வழிகள் உண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதியும், கட்டில் காலின் ரப்பர் புஷ்ஷும் வினைலில் மஞ்சள் கறையை ஏற்றும். கறை மேலே இல்லை, உள்ளே ஊறியது, எதற்கும் போகாது. துணி அல்லது தேங்காய் நார் மிதியடி போடுங்கள், கட்டில் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். பாத்ரூம் ஆசிட் தரைப் பக்கமே வரக் கூடாது. போர்த் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டால் வரும் வெள்ளைப் படலத்தைக் கண்டு பொருள் வெளுத்துவிட்டது என்று புகார் சொல்கிறார்கள். அது உப்பு, பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றினால் வராது. குளியலறைத் தரைக்கும், கழுவிவிடும் திண்ணைக்கும் ஒட்டும் பிளாங்க்கைக் கேட்டு வராதீர்கள்.

வாசல்படியில் ஒட்டும் கோல ஸ்டிக்கருக்கும் இதே கதைதான். தினமும் தண்ணீர் தெளிக்கும் இடத்தில், துடைப்பம் படும் இடத்தில், ஓரம் ஒரு மாதம் தாங்கினால் பெரிது. ஈரம் பட்டால் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மிதிக்கும் இடத்தில் ஒட்டவே கூடாது. படியின் முகப்பில், கால் படாத செங்குத்துப் பக்கத்தில் ஒட்டினால் நீண்ட நாள் இருக்கும். அரிசிமாவு கைவசம் இருந்தால் அதற்கு நிகர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

உரிப்பது பற்றிச் சொல்லாவிட்டால் வாடகைக்காரர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில் பெயிண்ட் வந்துவிட்டது என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. முடி உலர்த்தும் டிரையரால் ஓரத்தை வெதுவெதுப்பாக்கி, சுவரோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு மடக்கி, அங்குலம் அங்குலமாக இழுங்கள். குளிர்ந்த நிலையில் விருட்டென்று இழுத்தால்தான் பெயிண்ட் வரும். ஃபிரிட்ஜிலும் ஸ்டீலிலும் மிஞ்சும் பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி அரை மணி விட்டுத் துடைத்தால் போகும். சுவரில் எண்ணெயும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், கறை நிற்கும். குடிபோகும்போதே வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒட்டுவதற்கு முன் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

விற்பனையாளர்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. நெகிழும் பிவிசி தரை போடுவதற்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5318 என்ற நடைமுறை விதி இருக்கிறது. ஆனால் பெட்டி வாங்குகிறவர் கைக்கு அதில் ஒரு வரிகூட வருவதில்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011 ஆம் ஆண்டு எடையளவு விதிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விவரம் அச்சிட்டால் போதும் என்கின்றன. கூடவே தமிழில் போடக் கூடாது என்று எங்கும் இல்லை. பெட்டியை மாற்ற முடியாத கடைகள், பில்லோடு ஒரு தமிழ்த் தாளைச் சேர்த்துக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாது, உப்புப் பூத்த இடத்தில் ஒட்டாது, பாலிதீன் சோதனை செய்யாமல் தரையில் ஒட்டாதே, அடுப்படியில் வேண்டாம் என்று நான்கு வரி இருந்தால் போதும். சோதனைக்கு நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றை இலவசமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. திரும்பி வரும் பெட்டிகள் குறைந்தால் லாபம் அவர்களுக்கும்தான்.

இப்படிக்கு,
ஸ்டிக்கர், வினைல் தரை ஒட்டும் தொழிலாளர் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.